சனிக்கிழமை நாலு மணி நேரம்: ஓய்வு, ஊர்க் கல்வெட்டு, தன்னார்வப் பணி

#1 ஓஎம்ஆர்க்காரன்

வணக்கம். சோழிங்கநல்லூர் பக்கம் மென்பொருள் வேலை. நாளைக்குப் பத்து மணி நேரம் திரை. மாதத்தில் ஒரு வாரம் ராத்திரி எந்நேரமும் அழைப்பு வரலாம். சனிக்கிழமை காலை நாலு மணி நேரம் ஒதுக்க முடியும். அதை உள்ளூர் வரலாற்றுக்குப் பயன்படும் தன்னார்வப் பணிக்குக் கொடுக்க ஆசை. தொல்லியல் படித்ததில்லை. தமிழ் வாசிப்பு உண்டு, கேமரா ஓரளவு பழக்கம்.

கேள்வி மூன்று. கல்வெட்டு விஷயத்தில் புதியவர் ஒருவர் கெடுதல் செய்யாமல் என்ன செய்யலாம்? வீட்டிலிருந்தே செய்யக்கூடியது ஏதாவது உண்டா? இது ஓய்வாகவும் இருக்க வேண்டுமானால் எப்படி அமைத்துக்கொள்வது? செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்கள் போய்வர வசதி.

#2 கல்லெழுத்து

முதலில், புதுக் கல்வெட்டு கண்டுபிடிக்க வேண்டும் என்ற ஆசையை ஒரு வருடத்துக்கு ஒத்திப்போடுங்கள். அதைவிட அவசரமான வேலை ஒன்று கிடக்கிறது. 1887 முதல் மத்தியத் தொல்லியல் துறை கல்வெட்டு ஆண்டறிக்கை வெளியிட்டு வருகிறது. எந்த ஊர், எந்தக் கோயில், எந்தச் சுவர், எந்த அரசன், ஆட்சியாண்டு எத்தனை, சுருக்கமாக என்ன செய்தி என்று வரிசை எண் போட்டு அதில் இருக்கும். அதில் பதிவான கல்வெட்டு இன்றைக்கும் அதே இடத்தில் இருக்கிறதா, படிக்கும் நிலையில் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்த்து எழுதி வைப்பதுதான் உங்களுக்கு ஏற்ற வேலை. கல்லைத் தொடவே வேண்டாம். ஆனால் கோயில் திருப்பணிக்குப் பிறகு ஒரு கல்வெட்டு காணாமல் போனால், “போன வருடம் இங்கே இருந்தது” என்று தேதியோடு சொல்ல அந்தப் பதிவு ஒன்றுதான் சாட்சி.

ஒரே ஒரு கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். ஐம்பது கல்வெட்டு உள்ள பெரிய கோயில் வேண்டாம், பத்துப் பதினைந்து போதும். போவதற்கு முன் வீட்டில் செய்ய வேண்டியது: ஆண்டறிக்கையிலிருந்து அந்த ஊர்ப் பதிவுகளைத் தனியே எடுத்து எழுதுங்கள். தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளிலோ, தமிழ்நாடு தொல்லியல் துறையின் மாவட்ட வாரியான தொகுதிகளிலோ முழுப் பாடம் வந்திருக்கிறதா என்று பாருங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் நிறையக் கிடைக்கும். பாடம் இருந்தால் ஒவ்வொன்றின் முதல் வரியையும் கடைசி வரியையும் தாளில் பெரிதாக எழுதிக்கொள்ளுங்கள். இடத்தில் நின்றுகொண்டு அடையாளம் காண இந்த இரண்டு வரியே போதும்.

அட்டவணையில் ஏழு பத்தி: அறிக்கை எண்ணும் ஆண்டும், அறிக்கை சொல்லும் இடம், இப்போது இருக்கும் இடம், கண்ணுக்குத் தெரியும் முதல் சொற்கள், நிலை, படக் கோப்பு எண்கள், பார்த்த தேதி. நிலைக்கு ஆறே சொல் வைத்துக்கொள்ளுங்கள். முழுசு, பாதி மறைவு, சுண்ணாம்பு அல்லது பெயின்ட், கட்டடத்துக்குள், இடம் மாறியது, காணவில்லை. சொல்லைக் கூட்டினால் இரண்டாவது ஆள் வேறு மாதிரி எழுதுவார், பிறகு ஒப்பிட முடியாது.

“காணவில்லை” என்று எழுத அவசரம் வேண்டாம். அறிக்கையில் “தெற்குச் சுவர்” என்றால் கருவறைத் தெற்கா, அர்த்தமண்டபத் தெற்கா, அம்மன் சன்னதித் தெற்கா என்று மூன்றையும் பார்க்க வேண்டும். பழைய கோயிலைப் பிரித்துக் கட்டும்போது கல் மாறியிருக்கும். தரைப் பாவுகல், படிக்கட்டின் பக்கவாட்டு, கிணற்று விளிம்பு, மடைப்பள்ளி வாசற்கால் எல்லாவற்றையும் பாருங்கள். தலைகீழாகப் பதித்த கல்லும் உண்டு. மூன்று முறை போய்ப் பார்த்த பிறகு எழுதினால் அந்தச் சொல்லுக்கு மதிப்பு.

இன்னொன்று, புதியவர்கள் கட்டாயம் தடுமாறும் இடம். அதிட்டானத்தில், அதாவது கோயிலின் அடித்தளத்தில், ஜகதி, முப்பட்டைக் குமுதம், கண்டம், பட்டிகை என்று அடுக்கடுக்காக எழுத்து ஓடும். ஒரு வரி அந்தச் சுவரின் ஒரு முனையில் தொடங்கி, அரைத்தூண்களைத் தாண்டி, மறுமுனை வரை போகும். அதன் பிறகுதான் இரண்டாம் வரி. ஒரு கல்லை மட்டும் மேலிருந்து கீழே படித்தால் உளறலாகத்தான் வரும். அதனால் படம் எடுக்கும்போது இடமிருந்து வலமாக, ஒவ்வொரு படமும் முந்தைய படத்தில் மூன்றில் ஒரு பங்கை மறுபடி காட்டும்படி எடுங்கள். இல்லையென்றால் வீட்டுக்கு வந்தபின் எந்தத் துண்டு எதற்கு அடுத்தது என்று சேர்க்க முடியாது.

#3 மெய்ப்புப்பச்சை

வீட்டிலிருந்து செய்ய என்றால் விக்கிமூலம். நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் பல அங்கே வருடி ஏற்றப்பட்டு, எழுத்துணரி (படத்தில் உள்ள எழுத்தைத் தட்டச்சாக மாற்றும் மென்பொருள்) ஓடி, மெய்ப்புக்காகக் காத்துக் கிடக்கின்றன. இடப்பக்கம் உணரி தந்த எழுத்து, வலப்பக்கம் அச்சுப் பக்கத்தின் படம். ஒப்பிட்டுத் திருத்திச் சேமித்தால் பக்கம் மஞ்சளாகும். வேறொருவர் இரண்டாம் முறை பார்த்தால் பச்சை. ஒரே ஆள் இரண்டையும் செய்ய முடியாது. அந்த விதி இருப்பதால்தான் பச்சைப் பக்கத்தை நம்பலாம்.

ஒரு சாதாரணப் பக்கத்துக்குப் பத்திலிருந்து இருபது நிமிடம். அட்டவணை, செய்யுள், அடிக்குறிப்பு இருந்தால் கூடும். பழைய அச்சில் உணரி எங்கே வழுக்கும் என்று தெரிந்தால் கண் தானாக அங்கே போகும். துணைக்காலும் ரகரமும் மாறும்: “கால்” “கரல்” ஆகிவிடும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல்களில் லை, னை, ணை யானைக்கொம்போடும், ணா, றா, னா சுழித்த வடிவிலும் இருக்கும். உணரி அவற்றை வேறு எதுவாகவோ படிக்கும். வரிக்கடைசியில் உடைந்த சொல் இரண்டாக நிற்கும். பக்க எண்ணும் தலைப்பும் உரைக்குள் கலந்துவிடும்; அவற்றை மேலடிப் பெட்டிக்கு மாற்ற வேண்டும், அழிக்கக் கூடாது. நூலாசிரியர் எழுதிய பழைய வழக்கை இன்றைய வழக்காகத் திருத்துவது பெரிய தவறு. “வந்துவிட்டது” என்பதை அவர் “வந்து விட்டது” என்று பிரித்திருந்தால் அப்படியே விடுங்கள்.

உள்ளூர் வரலாறுதான் விருப்பம் என்றால் உங்கள் மாவட்டம் பற்றிய நூலாகத் தேர்ந்தெடுங்கள். வாசிப்பும் நடக்கும், பக்கமும் நகரும்.

#4 தூக்கம்முக்கியம்

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் ஒரு விஷயத்தை யாரும் தொடவில்லை. நாளெல்லாம் திரை பார்த்த ஆளுக்கு ஞாயிறு மாலை மெய்ப்புப் பார்ப்பது ஓய்வு ஆகாது. அதே கண், அதே கழுத்து, அதே நாற்காலி. மனசுக்கு வேறு வேலை என்பதால் உடம்பு ஆறிவிடாது.

ராத்திரி அழைப்பு உள்ள வாரத்தில் களப்பயணம் கூடவே கூடாது. மூன்று மணி நேரம் தூங்கிவிட்டு விடியற்காலை ஜிஎஸ்டி சாலையில் வண்டி ஓட்டிக்கொண்டு போவது ஆபத்து. அந்த வாரம் முழுவதும் லீவு என்று குழுவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மற்ற வாரங்களிலும் ஒன்று விட்டு ஒன்று போதும். மாதம் இரண்டு நடை, வருடத்துக்கு இருபதுக்கு மேல் வரும். ஒரு சிறிய கோயிலை முடிக்க அதில் கால்வாசி ஆகும்.

இன்னும் நுட்பமான சிக்கல் ஒன்று. நம் ஆட்கள் எதைத் தொட்டாலும் அதில் இலக்கு வைத்துவிடுவார்கள். இத்தனை கல்வெட்டு, இத்தனை பக்கம், வாராந்திர அறிக்கை, வாட்ஸ்அப்பில் முன்னேற்றப் பட்டியல். மூன்றாவது மாதம் அதுவே இன்னொரு அலுவலகமாகிவிடும், நாலாவது மாதம் ஆள் காணாமல் போய்விடுவார். அரைகுறையாக நிற்கும் பதிவை அடுத்தவர் எடுத்து முடிப்பதும் கஷ்டம். முடிக்கும் நேரத்தை நிர்ணயம் செய்யுங்கள், முடிக்கும் அளவை வேண்டாம். ஒன்பதரைக்குப் பை கட்டிவிட வேண்டும், எந்த வரியில் இருந்தாலும்.

#5 கல்லெழுத்து

தூக்கம்முக்கியம் சொல்வதற்கு நம் பக்கத்திலேயே கல்லில் ஆதாரம் இருக்கிறது. சென்னையிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டரில் உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில். முதலாம் பராந்தகனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள், அதாவது 919, 921. எல்லாரும் குடவோலையைப் பற்றியே பேசுவார்கள். 30 குடும்பு (ஊரின் பகுதி), குடும்புக்கு ஒருவராக ஓலை எடுப்பது, அவர்களில் 12 பேர் சம்வத்சர வாரியம் (ஆண்டுக் குழு), 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம் என்று பிரிப்பது எல்லாம் பாடப்புத்தகத்திலேயே உண்டு.

921 கல்வெட்டின் தகுதிப் பட்டியலில் அதிகம் பேசப்படாத ஒரு விதி இருக்கிறது. கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவர் பெயரை ஓலையில் எழுதக் கூடாது. பதவிக்காலம் 360 நாள். ஒரு வருடம் ஏரியைப் பார்த்துக்கொண்டவர் அடுத்த மூன்று வருடம் விலகி நிற்க வேண்டும். ஒரே கை அதிகாரத்தில் ஊறிவிடக் கூடாது என்பது முதல் காரணமாக இருந்திருக்கலாம். கணக்குக் காட்டாதவரையும் அவருடைய நெருங்கிய உறவினரையும் விலக்கிய ஊர் அது. ஆனால் அதன் விளைவு, ஊர்ப்பணி எந்த ஒருவர் தோளிலும் நிரந்தரமாக உட்காரவில்லை. வேறு ஒருவர் கட்டாயம் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

தன்னார்வக் குழு வைத்திருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அட்டவணையைப் பராமரிப்பவர், பயணம் ஏற்பாடு செய்பவர், கோயில் நிர்வாகத்திடம் பேசுபவர் ஆகிய மூன்று பொறுப்பையும் வருடத்துக்கு ஒருமுறை கட்டாயமாக மாற்றுங்கள். பழையவர் முதல் இரண்டு மாதம் கூட நிற்கட்டும், பிறகு விலகட்டும்.

#6 ஓஎம்ஆர்க்காரன்

மிக்க நன்றி. மூன்று வருட விதி இதுவரை கண்ணில் படவே இல்லை. இரண்டு சந்தேகம். கல்வெட்டு மைப்படி, அதாவது கல்லெழுத்தைத் தாளில் மையால் படியெடுப்பது, கற்றுக்கொள்ளலாமா? படம் எடுக்கும்போது எழுத்து தெரிவதற்காகச் சாக்பீஸ் தடவுகிறார்களே, அது சரியா?

#7 மைப்படி

இரண்டாவதற்கு முதலில் பதில்: வேண்டவே வேண்டாம். சாக்பீஸ், கோலமாவு, விபூதி, மஞ்சள், எண்ணெய் எதுவும் கூடாது. மாவு எறும்பை இழுக்கும். சுண்ணாம்புத் தூள் மழையில் கரைந்து எழுத்துக் குழியில் படிந்து இறுகும், அடுத்து வருபவர் அதைச் சுரண்டுவார், சுரண்டலில் எழுத்தின் விளிம்பு போகும். எண்ணெய் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதைவிட மோசம், தடவுபவர் தாம் நினைத்த எழுத்தைத்தான் தடவுவார். படத்தில் அது உண்மை எழுத்துபோலத் தெரியும், தவறான பாடம் அப்படியே நிலைத்துவிடும்.

மைப்படி பற்றி. முறை இது. கல்லைத் தண்ணீராலும் நார்த் தூரிகையாலும் கழுவித் தூசி நீக்குவார்கள். மாப்லித்தோ தாளை அளவாக நனைத்துக் கல்மேல் ஒட்டி, கட்டையான மயிர் கொண்ட தூரிகையால் நடுவிலிருந்து வெளிப்புறமாகத் தட்டுவார்கள். காற்றுக் குமிழி வெளியேறித் தாள் எழுத்துக் குழிக்குள் இறங்கும். தாள் பாதி காயும்போது, கரியும் கோந்தும் சேர்ந்த மையை ஒத்துப்பந்தால் மெல்ல ஒற்றுவார்கள். மேட்டுப் பகுதி கறுக்கும், குழிந்த எழுத்து வெள்ளையாக நிற்கும். நன்றாகக் காய்ந்த பிறகு உரித்து, பின்புறம் ஊர், இடம், தேதி எழுதுவார்கள்.

தப்பு நேரும் இடங்கள்: தாளில் ஈரம் கூடினால் மை ஊடுருவிக் கல்லில் இறங்கும், பிறகு போகாது. ஈரம் குறைந்தால் தாள் குழிக்குள் இறங்காது, காற்று அடித்தால் முழுசாகப் பறந்துவிடும். தட்டும் வேகம் கூடினால் எழுத்தின் கூர் விளிம்பில் தாள் கிழியும். வெயில் ஏறினால் ஒரு முனை காய்ந்து மறுமுனை ஈரமாக இருக்கும், மை திட்டுத்திட்டாக விழும். உதிர்ந்துகொண்டிருக்கும் கல்லில் எடுத்தால் உரிக்கும்போது கல் பொருக்கும் சேர்ந்து வரும்.

ஆகவே தனியாகச் செய்யாதீர்கள். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம் என்றால் அவர்கள் அனுமதி, மாநிலப் பாதுகாப்பு என்றால் மாநிலத் துறை, அறநிலையத் துறைக் கோயில் என்றால் செயல் அலுவலர். பயிற்சி பெற்றவர் தலைமையில், அனுமதியோடு, தாள் பிடிப்பவராக நாலைந்து முறை நின்ற பிறகு தூரிகையைத் தொடலாம். படிக்கும் அளவுக்கு நல்ல படம் எடுக்க முடிந்தால் பெரும்பாலான தேவைக்கு மைப்படி வேண்டியதே இல்லை.

இன்னும் ஒன்று. உயர் அழுத்த மணல்வீச்சு கொண்டு கோயில் சுவரைச் சுத்தம் செய்வதைக் கண்டால் அன்றைக்கே எழுத்து மூலம் தொல்லியல் துறைக்கும் அறநிலையத் துறைக்கும் தெரிவியுங்கள், படத்தோடு. ஆயிரம் ஆண்டு நின்ற எழுத்து அதில் ஒரு பிற்பகலில் வழுவழுப்பாகிவிடும்.

#8 சாய்வொளி

படம் எடுக்கப் பெரிய கேமரா வேண்டாம், ஒளி வேண்டும். எழுத்து தெரிவது நிழலால். சுவரை நேராக அறையும் வெயிலில் நிழலே விழாது, எழுத்து மறைந்துவிடும். சுவரை உரசிக்கொண்டு போகும் ஒளி வேண்டும். சுவருக்கும் ஒளிக்கும் இடையே 10 முதல் 20 டிகிரி நல்லது.

இதைச் சூரியனை வைத்தே கணக்குப் போடலாம். கிழக்குச் சுவருக்கு விடியற்காலை போய் நிற்பார்கள். அதுதான் மிக மோசமான நேரம், ஒளி நேர்முகமாக விழும். கிழக்குச் சுவருக்குப் பகல் பதினொன்றரை வாக்கில், சூரியன் உச்சிக்கு ஏறும்போது ஒளி மேலிருந்து உரசும். மேற்குச் சுவருக்கு உச்சி தாண்டி அரை மணியில். ஆனால் கொடுங்கையின் (வெளியே நீளும் கூரை விளிம்பின்) நிழல் சுவரின் மேல்பாதியை மறைக்கும். அந்த நேரம் அதிட்டானத்துக்கே சரி. தெற்குச் சுவருக்கு அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை காலை ஏழு மணி. அப்போது சூரியன் கிழக்கிலிருந்து தெற்கே நகர்ந்து உதிக்கும், பக்கவாட்டில் உரசும். வடக்குச் சுவர் எப்போதும் இருட்டு என்பார்கள். மே முதல் ஜூலை வரை காலையில் போய்ப் பாருங்கள், சூரியன் வடகிழக்கில் உதித்து வடக்குச் சுவர் முழுவதையும் உரசும். நம் அட்சரேகையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை உச்சிச் சூரியனே சற்று வடக்கில்தான் நிற்கிறது.

காத்திருக்க முடியாதவர்களுக்கு டார்ச். அந்தி சாய்ந்த பின், அல்லது இருண்ட மண்டபத்தில், கேமராவை முக்காலியில் பூட்டி, ஃபிளாஷை அணைத்து, டார்ச்சைச் சுவர் ஓரமாகப் பிடித்து நாலு படம் எடுங்கள்: இடமிருந்து, வலமிருந்து, மேலிருந்து, கீழிருந்து. இடப்பக்க ஒளியில் செங்குத்துக் கோடுகள் தெளியும், மேலொளியில் கிடைக்கோடுகள். ஒரே படத்தை வைத்துக்கொண்டு “இது ப-வா ய-வா” என்று சண்டை போட வேண்டாம், நாலில் ஒன்றில் தெரிந்துவிடும். ஒவ்வொரு படத்திலும் 10 சென்டிமீட்டர் அளவுகோல் ஒன்று, கல்லில் ஒட்டாமல், முன்னால் நிற்கட்டும்.

மிகத் தேய்ந்த கல்லுக்கு ஆர்டிஐ (Reflectance Transformation Imaging) என்ற படமுறை உண்டு. கேமரா அசையாது. பளபளக்கும் கறுப்புக் கோலி இரண்டைப் படத்தின் எல்லைக்குள் வைத்து, விளக்கை மட்டும் அரைக்கோளமாகச் சுற்றி 40 முதல் 60 படம் எடுப்பது. விளக்கின் தூரம் ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருக்க ஒரு கயிறு கட்டி அளந்துகொள்வார்கள். கோலியில் விழும் ஒளிப்புள்ளியிலிருந்து மென்பொருள் ஒளியின் திசையைக் கணக்கிடும், பிறகு திரையில் ஒளியை விரும்பிய பக்கம் நகர்த்திப் படிக்கலாம். முக்காலி ஒரு மயிரிழை நகர்ந்தாலும் அத்தனை படமும் வீண். இரண்டு பேர் வேண்டும்.

கோப்புப் பெயரை அங்கேயே மாற்றிவிடுங்கள்: ஊர், கோயில், சுவர், அடுக்கு, வரிசை எண். வீட்டுக்குப் போய்ச் செய்யலாம் என்று விட்டால் 300 படம் குவிந்து, எது எந்தச் சுவர் என்றே தெரியாது.

#9 தரவுக்காரி

ஓஎம்ஆர்க்காரருக்கு ஒரு யோசனை. இதற்கெல்லாம் ஒரு செயலி கட்டிவிட்டால் என்ன? இடத்தில் நின்றபடியே படம், இடக்குறி, நிலை எல்லாம் பதிவாகும்படி? நம் ஆட்களுக்கு அது கைவந்த வேலை.

#10 கல்லெழுத்து

தரவுக்காரி, முதல் வருடம் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. செயலி கட்டுவது நமக்கு எளிது. அதனால்தான் அதில் போய் விழுகிறோம். கல்வெட்டு முன்னால் நின்று படிப்பது கடினம், அது தள்ளிப் போய்விடும். கட்டியவர் வேறு வேலைக்கு மாறினால் செயலி செத்து, பதிவுகளும் அதோடு முடங்கும். எளிய விரிதாள் இருபது வருடம் கழித்தும் திறக்கும்.

திறமையைப் பயன்படுத்த வேண்டும் என்றால் விக்கிமூலத்தில் எழுத்துணரிப் பிழைப் பட்டியல் தொகுக்கலாம். ஒரே நூலில் திரும்பத் திரும்ப வரும் பிழைகளை எண்ணி, மாற்றுப் பட்டியல் எழுதி, அங்குள்ளவர்களிடம் காட்டி ஒப்புதல் வாங்கிய பிறகு தானியங்கி ஓட்டலாம். ஒப்புதல் இல்லாமல் ஓட்டினால் சரியான சொல்லும் சேர்ந்து மாறி, பச்சைப் பக்கமே கெடும்.

#11 ஏரிக்கரை

கோயிலுக்கு வெளியே கிடப்பதையும் சொல்ல வேண்டும். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் ஏரி மாவட்டம். ஏரி நீரைத் திறந்துவிடும் மதகு, தூம்பு, மிகுநீர் வழியும் கலிங்கு ஆகியவற்றின் கல்லில் எழுத்து இருக்கலாம். கோடையில் நீர் வற்றும் மாதங்களில்தான் தூம்புக்கல் முழுசாக வெளியே தெரியும். சேற்றில் இறங்காதீர்கள், காய்ந்த மேல்தோலுக்குக் கீழே இடுப்பளவு குழம்பு இருக்கும். உள்ளூர்க்காரர் ஒருவர் கூட வராமல் கரையை விட்டு இறங்கக் கூடாது.

நடுகல்லைக் கண்டால்: திருவண்ணாமலை, தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அதிகம், பெரும்பாலும் வட்டெழுத்து என்ற பழைய எழுத்து வகை. பல ஊர்களில் வேடியப்பன் என்று இன்றும் கும்பிடுகிறார்கள். எண்ணெய் பூசி, மஞ்சள் வைத்திருப்பார்கள். அதைச் “சுத்தம்” செய்ய நமக்கு உரிமை இல்லை. அது அவர்களுடைய சாமி. கேட்டுவிட்டுப் படம் எடுங்கள், செருப்பைக் கழற்றிவிட்டு நில்லுங்கள்.

புதைந்திருப்பதைத் தோண்டாதீர்கள், சாய்ந்திருப்பதை நிமிர்த்தாதீர்கள். மண்ணுக்குள்ளிருந்து 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது கிடைத்தாலும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878 புதையல் சட்டமே சொல்கிறது. கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ எழுதிக் கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். பாதுகாப்பில்லாத சிலை, நடுகல் படங்களை இடக்குறியோடு பொதுவெளியில் போடவே கூடாது. திருடுபவர்கள் நம்மைவிடக் கவனமாகப் படிக்கிறார்கள். ஊர்ப் பெயர் வரை போதும், துல்லியமான இடம் துறைக்கு மட்டும்.

ஊர்ப் பெரியவர்களிடம் வயல் பெயர், வாய்க்கால் பெயர் கேட்டு எழுதுங்கள். கல்வெட்டில் நிலத்துக்கு நாலு எல்லை சொல்லியிருப்பார்கள். அதில் வரும் வாய்க்கால் பெயர் சற்றுத் திரிந்து இன்றைக்கும் வழக்கில் இருக்கக் கூடும். பட்டாவில் அந்தப் பெயர் இராது, பேச்சில்தான் இருக்கும், சொல்பவர்களுக்கு எழுபது எண்பது வயது. இந்த ஒரு வேலையைத் தள்ளிப் போட முடியாது.

#12 ஓஎம்ஆர்க்காரன்

எழுத்து படிப்பதற்கு எங்கிருந்து தொடங்க? வட்டெழுத்து, கிரந்தம் எல்லாம் முதலிலேயே கற்க வேண்டுமா?

#13 கல்லெழுத்து

வேண்டாம் தம்பி. காஞ்சிபுரம் பக்கத்துச் சோழர் காலக் கல்வெட்டு பெரும்பாலும் தமிழ் எழுத்துத்தான். தொடக்கத்தில் வரும் “ஸ்வஸ்தி ஸ்ரீ” போன்றவை வடமொழி எழுதப் பயன்பட்ட கிரந்த எழுத்து. அந்த ஏழெட்டு எழுத்து முதலில் போதும்.

கல்லில் புள்ளி பெரும்பாலும் இராது. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடும் இராது. “கொயில்” என்று இருப்பது கோயில், “தெவர்” என்று இருப்பது தேவர். ன வர வேண்டிய இடத்தில் ந நிற்கும்: “பந்மர்” என்று பார்த்துத் திகைக்க வேண்டாம், அது பன்மர், அதாவது வர்மர். துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். மெய்ப்புப்பச்சை சொன்ன உணரிப் பிழை கல்லிலும் நம் கண்ணுக்கு வரும். பொருளை வைத்துத்தான் பிரிக்க வேண்டும்.

எண்களில் கவனம். ௧ ககரம் போலவும், ௨ உகரம் போலவும், ௭ எகரம் போலவும், ௮ அகரம் போலவும் இருக்கும். ௰ பத்து, ௱ நூறு. ௨௰௩ என்றால் 23, அதை 2, 10, 3 என்று தனித்தனியாகப் படிக்கக் கூடாது. பாண்டியர் கல்வெட்டில் “2-ஆவதின் எதிர் 13-ஆவது” என்று வந்தால் இரண்டையும் கூட்டி 15. சோழர் ஆட்சியாண்டை நம் ஆண்டாக மாற்ற, பட்டமேறிய ஆண்டோடு சேர்த்து ஒன்று கழிக்க வேண்டும். முதலாம் இராசராசன் 985, ஆகவே ஐந்தாம் யாண்டு 989-90.

அரசனை அடையாளம் காண மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டுத் தொடக்கத்தில் அரசனைப் புகழும் வரிகள். “திருமகள் போலப் பெருநிலச் செல்வியும்” என்றால் முதலாம் இராசராசன். “திருமன்னி வளர” என்றால் முதலாம் இராசேந்திரன். ஆனால் “திருமன்னி விளங்கும்” என்றால் முதலாம் குலோத்துங்கனின் தொடக்க ஆண்டுகள். முதல் சொல்லோடு நிறுத்தினால் அறுபது வருடம் பிசகிவிடும். மூன்று சொல்லாவது படித்துவிட்டு எழுதுங்கள்.

பழக எளிய வகை நொந்தா விளக்குக் (அணையா விளக்கு) கல்வெட்டு. சொற்கள் ஏறக்குறைய ஒரே அச்சு. இன்னார், இந்தக் கோயிலுக்கு, ஒரு விளக்கு எரிய, சாவா மூவாப் பேராடு 90 அல்லது 96, சந்திராதித்தர் உள்ளவரை. சாகாது, மூப்படையாது என்றால் ஆட்டுக்கு மந்திரம் ஒன்றும் இல்லை. செத்ததற்கு ஈடாகக் குட்டி சேர்ந்து எண்ணிக்கை குறையாமல் இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். தஞ்சைப் பெரிய கோயில் கணக்கில் 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை பெற்ற இடையர் ஒரு விளக்குக்கு நாளொன்றுக்கு உழக்கு நெய் அளக்க வேண்டும். இப்படி இரண்டு மூன்று படித்தால் அடுத்ததில் பாதி எழுத்து தேய்ந்திருந்தாலும் என்ன வரும் என்று தெரியும். தெரியும் என்பதாலேயே ஒரு எச்சரிக்கை: ஊகித்ததை அடைப்புக்குள் போடுங்கள், கண்ணால் கண்டதை மட்டும் வெளியே எழுதுங்கள்.

#14 தூக்கம்முக்கியம்

முதல் நடைக்கு மட்டும் ஒரு வார்த்தை. கேமரா, அட்டவணை எதுவும் எடுக்காமல் போங்கள். குருக்களிடமும் காவலரிடமும் பேசி, பூசை நேரம், நடை சாத்தும் நேரம், அந்த மாதத் திருவிழா நாள் கேட்டுக்கொண்டு, ஒருமுறை வலம் வந்து ஒரு சுவர் முன்னால் அரை மணி உட்கார்ந்துவிட்டு வாருங்கள். போனைப் பையில் போடுங்கள். எந்தச் சுவரில் எழுத்து இருக்கிறது என்று தெரிந்தால் அன்றைக்கு அது போதும்.

#15 ஓஎம்ஆர்க்காரன்

சரிங்க. வருகிற வாரம் அழைப்புப் பணி, அதனால் அதற்கடுத்த சனிக்கிழமை. தெற்குச் சுவரில் கல்வெட்டு அதிகம் உள்ள சின்னக் கோயில் ஒன்றை ஆண்டறிக்கையில் பார்த்து வைத்திருக்கிறேன், பதினொரு பதிவு. டார்ச்சில் மஞ்சள் ஒளியா வெள்ளை ஒளியா?

#16 சாய்வொளி

எது வேண்டுமானாலும், ஆனால் நாலு படத்துக்கும் அதே டார்ச். வட்டத்தின் நடுவில் பொட்டுபோல் கூர்மையாக விழும் ஒளி வேண்டாம், ஒரு முழுச் சுவர்க்கல்லுக்கும் சீராகப் பரவுகிறதா என்று வீட்டுச் சுவரில் அடித்துப் பாருங்கள். கூடவே மாற்று பேட்டரி ஒரு செட்.